தாத்தா வீட்டு உறவுகள் வாட்ஸ்அப் குழு: பள்ளி மதில் பேச்சு

அக்கா: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இப்போதுதான் முடிந்தது. சுற்றுச்சுவருக்குத் தோராயமாக மூன்று லட்சம் ஆகும் என்று ஒன்றியப் பொறியாளர் சொல்கிறார். தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார்.

மாமா: பள்ளிக்குத்தான் ஆண்டுதோறும் மானியம் வருகிறதே, அதில் கட்டச் சொல்.

அக்கா: எவ்வளவு வருகிறது என்று தெரியுமா மாமா? தலையை எண்ணித்தான் தருகிறார்கள். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. நம் பள்ளி இந்த இரண்டாவது வகை. சாக்பீஸ், மின்கட்டணம், உடைந்த குழாய் எல்லாம் அதற்குள். பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கென்று ஒதுக்கவும் வேண்டும்.

மாமா: அடேயப்பா. மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடக் காணாது.

சித்தப்பா: எம்.எல்.ஏ.விடம் கேட்போம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு மூன்று கோடி.

அத்தை: தொகுதியில் எத்தனை ஊர் என்று எண்ணினாயா? எல்லோரும் அதே வாசலில்தான் நிற்கிறார்கள்.

சிங்கப்பூர்த் தம்பி: நமக்கு நாமே திட்டத்தில் போனால் என்ன? மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதி அரசுடையது. ஒரு லட்சம்தானே, நம் குடும்பத்திலேயே திரட்டிவிடலாம்.

பெரியப்பா: 1990களின் பிற்பகுதியில் வந்த திட்டம் அது. 2011இல் தன்னிறைவுத் திட்டம் ஆயிற்று. 2021இல் பழைய பெயரே திரும்பியது. ஆட்சி மாறினால் பலகை மாறும், நாம் பணம் கட்டுவது மட்டும் மாறாது. பணத்தை நாம் கட்டுவோம், வேலையை ஒப்பந்ததாரர் எடுப்பார், சிமெண்டில் மணலைத் தேட வேண்டியதில்லை, மணலில்தான் சிமெண்டைத் தேட வேண்டும்.

சிங்கப்பூர்த் தம்பி: அதற்கும் வழி இருக்கிறது பெரியப்பா. ஊரகப் பகுதியில் பாதித் தொகையை நாமே ஏற்றுக்கொண்டால் வேலையையும் நாமே எடுத்துச் செய்யலாம்.

சித்தப்பா: அப்படியானால் ஒன்றரை லட்சம். ஐம்பதாயிரம் கூடுதல்.

அத்தை: மேற்பார்வை நம் கையில் இருக்குமென்றால் அந்த ஐம்பதாயிரம் எனக்கு வீணாகத் தெரியவில்லை. ஆனால் நாள்தோறும் வெயிலில் நிற்பது யார்? இந்தக் குழுவில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறவர்களைக் கேட்கவில்லை.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: நீக்குவதற்குள் படித்துவிட்டேன்.

அக்கா: பெரியப்பா பொதுப்பணித் துறையில் இருந்தவர். அவரை விட்டால் யார்?

பெரியப்பா: முழங்கால் வலியோடு சாரத்தில் ஏறச் சொல்கிறாயா? சரி, நாற்காலி போட்டால் உட்கார்ந்து பார்க்கிறேன். செங்கல்லைத் தட்டிப் பார்க்காமல் இறக்க விடமாட்டேன்.

மாமா: மதிலில் தாத்தா பெயர் பொறித்த கல் வைக்க வேண்டும். அது இல்லாமல் நான் பணம் தரமாட்டேன்.

அக்கா: கட்டி முடித்தால் அது பள்ளியின் சொத்து மாமா. கல் வைக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டுத்தான் சொல்ல முடியும். தாத்தா உயிரோடு இருந்திருந்தால் கல்லுக்கு ஆகும் காசில் இரண்டு பெஞ்சு வாங்கிப் போடச் சொல்லியிருப்பார்.

சித்தப்பா: அப்பாவை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாய்.

மாமா: பெஞ்சில் பெயர் எழுதலாமா?

அத்தை: எழுதுங்கள், பிள்ளைகள் காம்பஸ் முள்ளால் திருத்திக்கொள்வார்கள்.

அக்கா: ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் விண்ணப்பத்துக்கு வலு சேரும். அதன் பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். அதற்குள் யார் எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள், தனிச் செய்தி வேண்டாம்.

சிங்கப்பூர்த் தம்பி: என் பங்கு 40,000.

சித்தப்பா: 20,000. பென்ஷன் வந்தவுடன்.

பெரியப்பா: 25,000. நாற்காலி தனி.