‘பீட் டவுன்’ போட்டு எழுதலாமா?

கேள்வி – கொள்முதல் மேசை
சப்ளையர் 48,000 சொன்னார், பேரம் பேசி 42,000-க்குப் படிந்தது. மேலாளருக்கு மெயிலில் ‘வி பீட் டவுன் ஹிம் டு 42,000’ என்று எழுதினால் சரியா? ‘நாக் டவுன்’ என்றும் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

பதில் – இலக்கணப்பித்து
சொல் சரி, வரிசை தப்பு. ஹிம், தெம் மாதிரி சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்கும்: ‘வி பீட் ஹிம் டவுன் டு 42,000’. ‘டு’வுக்குப் பின்னால் வருவது படிந்த விலை. குறைத்த தொகைக்கு ‘பை’ போட வேண்டும்: ‘பை 6,000’. இங்கே ‘டு 6,000’ என்று எழுதிவிட்டால் 48,000 சரக்கை 6,000-க்கே வாங்கியதாக அர்த்தமாகிவிடும். கணக்குப் பிரிவு உடனே போன் போடும்! இறந்த காலத்திலும் ‘பீட்’தான், ‘ஹேவ்’ வந்தால் ‘பீட்டன்’. ‘பீட்டட்’ என்று ஒன்று கிடையவே கிடையாது.

பதில் – ஏலக்கடை
‘நாக்’ கொஞ்சம் வேறு. அடித்துப் பேசி ‘பீட் டவுன்’ செய்வது வாங்குகிறவர். விற்கிறவர் தானாக இறங்கினால் ‘ஹி நாக்ட் 6,000 ஆஃப்’. கேட்கும்போதும் ‘குட் யூ நாக் சம்திங் ஆஃப்?’ என்பதுதான் வழக்கம். ‘நாக் ஹிம் டவுன் டு 42,000’ என்றால் பீட் டவுனேதான். ஆனால் ஏலத்தில் ‘இட் வாஸ் நாக்ட் டவுன் டு ஹிம்’ என்றால் விலை குறைந்ததாக அர்த்தமில்லை. சுத்தியல் தட்டி, சரக்கு அவர் பெயருக்கு முடிந்தது என்று பொருள்.

பதில் – கடிதக்காரர்
இலக்கணம் சரியானாலும் அந்த மெயிலில் இதைப் போடாதீர்கள். இது பேச்சு வழக்கு, ஆளை நெருக்கிப் பணிய வைத்த தொனி அதில் உண்டு. மெயிலை சப்ளையருக்கும் ஃபார்வர்ட் செய்தால் முகம் சுளிப்பார். ‘வி நெகோஷியேட்டட் தி பிரைஸ் டவுன் ஃப்ரம் 48,000 டு 42,000’ போதும். ‘தி சப்ளையர் வாஸ் பீட்டன் டவுன்’ என்று செயப்பாட்டுவினையில் எழுதுவது இன்னும் மோசம். விலையும் சொல்லாமல் விட்டால் மனிதர் நொந்துபோய்க் கிடப்பதாகத் தோன்றும்.

கொள்முதல் மேசை
நன்றி. அவர் 45,000-க்குக் கீழே வரமாட்டேன் என்று ரொம்ப நேரம் நின்றார். அதற்கு ‘ஹோல்ட் ஆன்’ போடலாமா?

இலக்கணப்பித்து
கூடாது, அது ‘கொஞ்சம் பொறுங்கள்’. ‘ஹி ஹெல்ட் அவுட் ஃபார் 45,000’. ‘ஃபார்’ விடாதீர்கள்.