தரையிறங்கும்போதே எழுந்து நிற்பவர்களை விமானப் பணியாளர்கள் எப்படிக் கையாள வேண்டும்?

கேள்வி: சென்னை ஓடுபாதையைச் சக்கரம் தொட்டதுமே சிலர் எழுந்து, தலைக்கு மேலுள்ள பெட்டிகளைத் திறந்தார்கள். பணியாளர்கள் எழாமல் ஒலிபெருக்கியில் மட்டும் எச்சரித்தது சரிதானா?

பதில் 1: மிகச் சரி. அவ்வேளையில் அவர்களும் சீட் பெல்ட் அணிந்து அமர்ந்திருக்க வேண்டும். விமானி சட்டென்று பிரேக் பிடித்து, நடைவழியில் நிற்கும் பணியாளர் விழுந்து அடிபட்டால், ஆபத்தில் அவசரக் கதவைத் திறந்து நம்மை வெளியேற்ற யார் இருப்பார்கள்? இருக்கை வரிசையைக் குறிப்பிட்டு, "உட்காருங்கள்" என்று உரக்கச் சொல்வதே முறை.

பதில் 2: அதற்கும் இணங்காவிட்டால் விமானியிடம் தெரிவிக்கலாம், ஓடுபாதையை விட்டு விலகிய பின் விமானத்தை நிறுத்தி, அனைவரும் அமரும்வரை அவர் காத்திருக்கலாம்.

பதில் 3: பெல்ட் விளக்கு அணையுமுன் எழுபவர்களுக்குத் துருக்கி 2025இல் அபராதம் அறிவித்தது. இங்கும் அது வேண்டும் என்பேன். பெட்டியிலிருந்து சரியும் பை, உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தலையில்தான் விழுகிறது.