ஓடும் நீரில் ஒளிர்பால்ம உணரி: பம்பை ஓட்டினாலே அளவு ஆடுகிறது

துளியியல்:
கழுவுநீரில் சோப்பு மிச்சம் இருக்கிறதா என்று நீர் ஓடும்போதே அறிய, மலிவாக ஓர் உணரி கட்டுகிறேன். நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளின் கலவையான பால்மம்தான் அடிப்படை: ஒரு பாதி ஹெக்ஸேன், மறுபாதி பெர்ஃப்ளூரோஹெக்ஸேன் என, ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களாலான இரட்டைத் துளிகள். சோப்பு பட்டால் துளியின் வடிவம் மாறும், வெளிவரும் ஒளியும் மாறும். ஹெக்ஸேனில் பெரிலீன் என்ற ஒளிரும் சாயம். துளிகள் கண்ணாடி அறையின் தரையில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கின்றன. 405 நானோமீட்டர் எல்இடி, மஞ்சள் வடிகட்டி, ஒளியை அளக்கும் ஒரு ஃபோட்டோடையோடு, அவ்வளவுதான் கருவி. நீர் நிற்கும்போது ஒளியின் அளவு அசைவதில்லை. பெரிஸ்டால்டிக் பம்பை (உருளைகளால் குழாயை நசுக்கி நீரைத் தள்ளுவது) ஓட்டியதும் பேயாட்டம் ஆடுகிறது. சாயம் வெளுக்கிறதா?

நிறமாலை:
சாயத்தின் மீது பழி போடாதீர்கள். வெளுத்தால் அளவு ஒரே பக்கமாக இறங்கும், ஆடாது. பெர்ஃப்ளூரோஹெக்ஸேன் நீரைவிடக் கனம், ஹெக்ஸேன் இலேசு. அதனால் ஒவ்வொரு துளியும் ஒளிரும் பாதியை மேலே வைத்து நிமிர்ந்து நிற்கிறது. பாதிகளுக்கு நடுவிலுள்ள எல்லையில் ஒளி முழு அகப் பிரதிபலிப்பு அடைவதால், எந்தக் கோணத்தில் எவ்வளவு வெளியேறும் என்பது துளியின் நிலையைப் பொறுத்தது. ஓட்டம் துளியைச் சாய்த்தால் அளவும் மாறத்தான் செய்யும். பம்பின் உருளை ஒவ்வொரு முறை குழாயை நசுக்கும்போதும் ஒரு தள்ளு. உங்கள் வரைபடத்தின் முகடுகள் அதே இடைவெளியில் வருகின்றனவா, பாருங்கள்.

வால்வை மூடி, துளிகள் நிமிர்ந்தபின் அளந்து, மறுபடி திறப்பதே எனக்குப் பிடித்த வழி. இடைவிடாமல் அளந்தே தீருவேன் என்றால் அறையை அகலமாக்குங்கள். குறுக்குப்பரப்பு இரட்டித்தால் வேகம் பாதியாகும். வேறு கோணத்தில் இன்னொரு டையோடு வைத்து விகிதம் எடுத்தால், எல்இடி மங்குவதும் சில துளிகள் அடித்துச் செல்லப்படுவதும் கணக்கில் கழிந்துவிடும்.

வெப்பமானி:
நீரின் வெப்பநிலை என்ன? ஹெக்ஸேனும் பெர்ஃப்ளூரோஹெக்ஸேனும் சம அளவில் இருந்தால் சுமார் 23 பாகை செல்சியஸுக்கு மேல் ஒன்றாகக் கலந்துவிடும். துளி தயாரிப்பதே அப்படித்தானே: சூடாக்கி, குலுக்கி, குளிரவைப்பது. வெதுவெதுப்பான கழுவுநீர் வந்தால் பாதிகளே இருக்காது. கலக்கும் வெப்பநிலை இன்னும் உயர்ந்த வேறு ஜோடியைத் தேடுங்கள்.

துளியியல்:
முகடுகள் உருளையின் கணக்கில்தான் வருகின்றன. நீர் 18 பாகைதான். இன்னொரு தொல்லை: நெடுநேரம் ஓடவிட்டால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன.

நிறமாலை:
சேராமல் என்ன செய்யும்? துளி தயாரிக்கும்போது சேர்த்த இரண்டு பரப்புப்பொருள்கள் (சோப்பைப் போல, துளியின் மேற்பரப்பில் படிபவை) அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றன; அவற்றை வெறும் நீர் அலசிக்கொண்டு போகிறது. அறைக்கு முன்னால் ஒரு டி இணைப்பு வைத்து, அதே இரண்டு பரப்புப்பொருள்களின் கரைசலை மாறாத விகிதத்தில் கலந்துவிடுங்கள். துளி உருமாறும் விளிம்பிலேயே அந்த இரண்டின் சமநிலை நிற்க வேண்டும். அப்போதுதான் கொஞ்சம் சோப்பு வந்தாலும் ஹெக்ஸேன் பரவி மறுபாதியைப் போர்த்தத் தொடங்கும், அளவும் நகரும். எந்த விகிதம் என்பது சோப்புக்குச் சோப்பு மாறும். தெரிந்த செறிவுகளில் நான்கைந்து கரைசல்களை, நீரை நிறுத்தி வைத்தே அளந்து, அந்த எண்களை இங்கே போடுங்கள்.