ஷெல்லுக்கு ‘இணை’ கட்டளை எழுதிய அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

காட்பாடிக்காரன்:

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாகச் சாயங்கால நேரங்களில் சி மொழியில் சின்னதாக ஒரு ஷெல் (தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) எழுதி வருகிறேன். ஃபோர்க் (புதிய செயல்முறையை உருவாக்குவது), பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக்குவது) எல்லாம் உள்ளே எப்படி நடக்கிறது என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டத்தான் ஆரம்பித்தேன். அதில் என்னை அதிக நாள் உட்கார வைத்தது சொற்களை ஒரே வரியாகச் சேர்க்கும் ‘இணை’ கட்டளைதான்.

ராணிப்பேட்டையில் தோல் பொருள் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்காக அதை எழுதினேன். அளவு, நிறம், மாடல் எண் ஆகியவற்றை நடுவில் காற்புள்ளி போட்டு ஒரு வரியாக்கி, கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும். அவர் பாஷ் என்ற ஷெல்லில், அச்சிடும் பிரிண்ட்எஃப் கட்டளையை வைத்து ஒவ்வொன்றின் பின்னாலும் காற்புள்ளி போட்டிருந்தார். கடைசிக் காற்புள்ளிக்கு அப்புறமும் ஒரு வெற்றுக் கட்டம் இருப்பதாக மென்பொருள் எடுத்துக்கொண்டது. பிறகு ஐஎஃப்எஸ்ஸை (சொற்களை எந்த எழுத்தில் பிரிப்பது என்று ஷெல் பார்க்கும் மாறி) மாற்றி, எல்லா ஆர்குமென்ட்டையும் (கட்டளைக்குக் கொடுக்கும் சொற்கள்) ஒரே சொல்லாக்கும் "$*" போட்டார். அது ஐஎஃப்எஸ்ஸின் முதல் எழுத்தை மட்டுமே நடுவில் போடும். பார்சல் சீட்டுக்குக் காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து வேண்டும் என்றால் நடக்காது. மேலும், ஐஎஃப்எஸ்ஸைப் பழையபடி வைக்க மறந்ததால் ஸ்கிரிப்ட்டின் கீழ்ப்பகுதியில் சொற்கள் கண்ட இடத்தில் உடைந்தன. வரிகளை ஒட்டும் பேஸ்ட் கட்டளையிலும், நடுவில் போட இரண்டு எழுத்துக் குறி கொடுத்தால், ஓர் இடத்தில் முதல் எழுத்தையும் அடுத்த இடத்தில் இரண்டாவதையும் மாற்றி மாற்றிப் போடும்.

சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஷெல்லுக்கு உள்ளேயே இருக்கும் கட்டளையாக வைத்தேன். வெளியே தனி நிரலாக இருந்தால், ஆயிரக்கணக்கான கோப்புப் பெயர்களைக் கொடுக்கும்போது ஆர்குமென்ட் பட்டியல் நீளமாகிவிட்டது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் மறுத்துவிடும். உள்கட்டளைக்கு எக்செக் (வேறு நிரலை இயக்கச் சொல்லும் கெர்னல் அழைப்பு) கிடையாது, அதனால் அந்த வரம்பும் இல்லை.

முதல் துண்டைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் முன்னால் குறியைப் போட வேண்டும். இதில்தான் பெரிய தப்பு செய்தேன். ‘இது முதல் துண்டா’ என்று கேட்காமல், ‘இதுவரை சேர்த்த வரி காலியாக இருக்கிறதா’ என்று கேட்டு எழுதியிருந்தேன். சோதனையில் எல்லாம் சரியாக வந்தது. நண்பரிடம் போனதும் கைப்பைகளுக்கு மட்டும் கணக்கு தாறுமாறானது. பைக்கு அளவு கிடையாது, அதனால் முதல் துண்டு வெற்றுச் சொல். வெற்றுச் சொல்லைச் சேர்த்த பிறகும் வரி காலியாகவே இருப்பதால், அடுத்த துண்டுக்கு முன்னால் வர வேண்டிய காற்புள்ளி விழவே இல்லை. நிறம் அளவுக் கட்டத்துக்குள்ளும், மாடல் எண் நிறக் கட்டத்துக்குள்ளும் போய் உட்கார்ந்தன. எங்கும் பிழைச் செய்தி வரவில்லை. ஒரு வாரத்துக் கணக்கை அவர் கையால் திருத்தினார். எனக்கு மனசே ஆறவில்லை. வெற்றுச் சொல்லும் ஒரு துண்டுதான். அதை விட்டுவிடலாமா என்று கேட்பவர் முடிவு செய்யட்டும், நாமாக விடக் கூடாது.

அடுத்தது மெமரி. முதலில் ஒவ்வொரு தடவையும் ரீஅலாக் (மெமரியைப் பெரிதாக்குவது), ஸ்டிரிங்கேட் (சொல்லை வரியின் வாலில் ஒட்டுவது) என்று ஒட்டிக்கொண்டு போனேன். ஸ்டிரிங்கேட் ஒவ்வொரு முறையும் வரியின் தலையிலிருந்து வால் வரை நடந்துதான் ஒட்டும். பட்டியல் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். இப்போது எல்லாத் துண்டுகளின் நீளத்தையும் முதலில் கூட்டி, குறியின் நீளத்தை ‘எண்ணிக்கை கழித்தல் ஒன்று’ தடவை சேர்த்து, மெமரியை ஒரே முறை வாங்குகிறேன். இங்கேயும் அடி வாங்கினேன். பட்டியலில் எதுவுமே இல்லாதபோது, அன்சைன்டு முழு எண்ணில் (எதிர்மறை மதிப்பை வைக்க முடியாதது) பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் அது மிகப் பெரிய எண்ணாகச் சுற்றிக்கொள்ளும். மெமரி கிடைக்காமல் ஷெல்லே விழுந்தது.

வெளியேறும் எண்ணை (வேலை முடிந்ததும் கட்டளை திருப்பித் தரும் எண்) மட்டும் ஃபிஷ் என்ற இன்னொரு ஷெல்லிடமிருந்து எடுத்தேன். 2016-இல் 2.3 பதிப்போடு வந்த அதன் இணைப்புக் கட்டளையான ஸ்ட்ரிங் ஜாயின், எதையாவது உண்மையில் இணைத்திருந்தால் 0, இல்லாவிட்டால் 1 தரும். ஒரே ஒரு துண்டு கொடுத்தாலும் 1-தான்.

சத்துவாச்சாரி மாணவி:

அண்ணா, எனக்கு வேறு மாதிரி ஆனது. ஆர்குமென்ட் இல்லாவிட்டால் உள்ளீட்டிலிருந்து வரி வரியாகப் படிக்கும்படி எழுதியிருந்தேன். ஒரு நாள் மாறியில் எதுவும் இல்லை, அது விரிந்து ஒன்றுமில்லாமல் போனது. கட்டளை கீபோர்டைப் பார்த்துக் காத்துக்கொண்டே நின்றது. நான் கணினிதான் நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஃபிஷ்ஷில் உள்ளீடு பைப்பிலிருந்தோ கோப்பிலிருந்தோ வந்தால் மட்டும்தான் படிக்கும். நானும் உள்ளீடு டெர்மினலிலிருந்து (கீபோர்டிலிருந்து) வருகிறதா என்று பார்த்து, அப்படியானால் படிக்காதபடி மாற்றிவிட்டேன்.

குடியாத்தம்:

கோப்புப் பெயர்களை இணைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். யூனிக்ஸில் கோப்புப் பெயருக்குள் புதுவரிகூட வரலாம். சாய்கோடும் பூஜ்ய பைட்டும் (மதிப்பு 0 ஆன பைட்) மட்டும்தான் வர முடியாது. அதனால் நடுவில் நம்பிப் போடக்கூடிய குறி பூஜ்ய பைட். ஆனால் அதை ஆர்குமென்ட்டாகக் கொடுக்கவே முடியாது, சி மொழியில் சொல் அதோடு முடிந்துவிடும், நீளம் 0 என்று வரும். ஃபிஷ்ஷில் இதற்கென்றே ஜாயின்0 என்று தனியாக இருக்கிறது. அது கடைசித் துண்டுக்குப் பின்னாலும் ஒரு பூஜ்ய பைட்டைப் போடும். உங்கள் நண்பரைப் படுத்திய அதே கடைசிக் குறி இங்கே வேண்டும். காற்புள்ளி இரண்டுக்கு நடுவில் நிற்பது, இது ஒவ்வொன்றையும் முடித்து வைப்பது.

ஆரணி:

நான் எழுதிய இணைப்புக் கட்டளையைக் காரணமில்லாமல் இரண்டு நாள் சந்தேகப்பட்டேன். ஊர்ப் பெயர்களை ஒரே வரியாக்கி அதில் ‘சோளிங்கர்’ என்று தேடினால் கிடைக்கவில்லை, கண்ணுக்கு மட்டும் அப்படியே தெரிகிறது. பைட்டுகளை எண்ணினேன். நான் தட்டிய சொல் 27 பைட், வரியில் இருந்தது 30 பைட். அந்தக் கோப்பு பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது. ஓகாரக் குறி ஒன்றாக இல்லாமல் ஏகாரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாக இருந்தன. இரண்டும் யூனிகோடில் சமம், ஆனால் பைட் வேறு.

அப்புறம் ஒன்று புரிந்தது. நடுவில் போடும் குறி எதுவும் இல்லாமல் ‘சே’ என்பதையும் தனிக் காலையும் இணைத்தாலும் திரையில் ‘சோ’ என்றுதான் தெரியும். இதையெல்லாம் கட்டளையே ஒழுங்குபடுத்த வேண்டுமா?

காட்பாடிக்காரன்:

வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். கோப்புப் பெயரில் ஒரு பைட் மாறினாலும் அந்தக் கோப்பு திறக்காது. வந்த பைட்டை வந்தபடியே வெளியே விட வேண்டும், ஒழுங்குபடுத்தத் தனிக் கட்டளை இருக்கட்டும். உங்கள் சோளிங்கரை இரண்டு வடிவத்திலும் என் சோதனைக் கோப்பில் சேர்த்துவிட்டேன். 27 உள்ளே போனால் 27, 30 போனால் 30 வருகிறது.

தங்கச்சி சொன்ன டெர்மினல் விஷயம் என் ஷெல்லிலும் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரி செய்கிறேன்.