ஸ்டிச் வென்றது அதிர்ஷ்டமாம்!

புல்தரைமணி:
நேற்று 'சிறந்த ஜெர்மன் வீரர் யார்' இழையில் பெக்கர்தாசன் போகிற போக்கில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். 1991 விம்பிள்டன் டென்னிஸ் பட்டத்தை மைக்கேல் ஸ்டிச் அதிர்ஷ்டத்தால் வென்றாராம். அரையிறுதியில் ஸ்டெஃபான் எட்பெர்க்கின் சர்வீஸை ஒரு தடவைகூட உடைக்கவில்லையாம் (அதாவது எட்பெர்க் சர்வ் போட்ட ஒரு கேமைக்கூட ஜெயிக்கவில்லையாம்), அதுதான் ஆதாரமாம். பதில் எழுதுவதற்குள் அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஸ்கோர் 4-6, 7-6, 7-6, 7-6. ஆமாம், உடைக்கவில்லை. அதனால் என்ன? 6-6 ஆனதும் செட்டை முடிக்க ஆடும் டைபிரேக் மூன்றையும் 7-5, 7-5, 7-2 என்று ஜெயித்திருக்கிறார். எதிரே நின்றவர் நடப்பு சாம்பியன், போட்டியின் முதல் சீடு, அதாவது தரவரிசைப்படி முதலிடம் தரப்பட்டவர். அதற்கு முந்தைய சுற்றில் ஜிம் கூரியர், பிரெஞ்சு ஓப்பன் கோப்பையோடு வந்தவர், நேர் செட்டில் போனார். இறுதியில் போரிஸ் பெக்கர், 6-4, 7-6, 6-4. அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் இந்த மூவரையும் வீழ்த்தியவருக்குப் பெயர் அதிர்ஷ்டசாலியா?

பெக்கர்தாசன்:
என் பெயரைப் போட்டே இழை திறந்ததற்கு நன்றி. இவ்வளவு நீளமாக எழுதியும் நான் சொன்னதை மறுக்கவில்லையே. எட்பெர்க் அன்று முழுக்கத் தன் சர்வீஸை இழக்கவில்லை. ஸ்டிச் இழந்தார். சர்வீஸை இழக்காதவர் வீட்டுக்குப் போனார், இழந்தவர் இறுதிக்குப் போனார். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பேஸ்லைன்பாண்டி:
அண்ணே, முதலில் அதிர்ஷ்டம் என்று எதைச் சொல்கிறீர்கள், சிறந்த வீரர் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள், இந்த இரண்டையும் ஆளுக்கொரு வரி எழுதுங்கள். அப்புறம் சண்டை போடலாம்.

புல்தரைமணி:
கேம் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். ஸ்டிச் 25, எட்பெர்க் 24. அதிகக் கேம் எடுத்தவர் ஜெயித்தார், அவ்வளவுதான். 1971லிருந்து விம்பிள்டனில் டைபிரேக் இருக்கிறது. அது இருக்கிறது என்று தெரிந்துதான் எட்பெர்க்கும் இறங்கினார்.

பெக்கர்தாசன்:
அந்த 25இல் மூன்று டைபிரேக். அதைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். எட்பெர்க் 24, ஸ்டிச் 22. கணக்கு இப்போது எந்தப் பக்கம் சாய்கிறது?

டைபிரேக்கைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வான் ஆலன் அதே வாரத்தில்தான் காலமானார். அவர் பிறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் ஆடிக்கொண்டிருப்போம் என்ற பொருளில் எட்பெர்க்கே சொன்னார். தோற்றவருக்கே தான் எங்கே தோற்றோம் என்று தெரியவில்லை.

புல்தரைமணி:
டைபிரேக்கைக் கழித்துவிட்டு எண்ண வேண்டுமா? அப்படியானால் பெக்கர் ஜெயித்த டைபிரேக்குகளையும் கழியுங்கள், எத்தனை கோப்பை மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். 6-6 வந்த பிறகு எட்பெர்க்கின் கை நடுங்கியது, ஸ்டிச்சின் கை நடுங்கவில்லை. ஒரு தடவை என்றால் நீங்கள் சொல்வதுபோல அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று தடவையுமா?

சென்டர்கோர்ட்செல்வி:
அந்த இறுதியைத் தூர்தர்ஷனில் பார்த்தவள் நான். கடைசிப் புள்ளி முடிந்ததும் நடுவரே வாய் தவறி ஆட்டம் பெக்கருக்கு என்று அறிவித்தார். ஜெயித்த அன்றுகூட அந்த மனிதரின் பெயரை ஒழுங்காகச் சொல்ல ஆள் இல்லை. இன்றைக்கும் அதே கதைதான் நடக்கிறது.

பெக்கர்தாசன்:
செல்வி அக்கா, இரக்கத்துக்கெல்லாம் மார்க் கிடையாது. அந்த வருடம் மழை கொட்டியது. அதுவரை ஓய்வு நாளாக இருந்த நடு ஞாயிறன்று முதல்முறையாக ஆட்டம் வைத்தார்கள். பெக்கருக்கு அது ஏழு வருடத்தில் ஆறாவது இறுதி. களைத்துப்போய்த்தான் வந்தார்.

புல்தரைமணி:
ஸ்டிச் என்ன குடைக்குள் நின்றா ஆடினார்? நான்காவது சுற்றில் வோல்கோவிடம் ஐந்து செட், கடைசி செட் 7-5. அரையிறுதியில் மூன்று டைபிரேக். பெக்கரோ அரையிறுதியில் வீட்டனை நேர் செட்டில் முடித்துவிட்டு ஓய்வாக வந்தவர். களைப்பைப் பற்றிப் பேச வேண்டியது யார்?

பெக்கர்தாசன்:
சரி, அதிர்ஷ்டம் இல்லை என்றால் மறுபடி ஏன் விம்பிள்டனை ஜெயிக்கவில்லை? 1992 காலிறுதியில் சாம்ப்ராஸ் நேர் செட்டில் அனுப்பினார். 1993 காலிறுதியில் பெக்கரே ஐந்து செட்டில் கணக்கைத் தீர்த்தார். 1994இல் இரண்டாம் சீடாக வந்து முதல் சுற்றிலேயே பிரையன் ஷெல்டனிடம் தோற்றார். நேருக்கு நேர் பெக்கர் 8, ஸ்டிச் 4. கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெக்கருக்கு ஆறு, ஸ்டிச்சுக்கு ஒன்று. எட்பெர்க்கின் சர்வீஸை உடைக்கத் தெரியாதவர் அப்புறம் யாருடையதை உடைப்பார்?

டிராப்ஷாட்தம்பி:
இரண்டு பேரும் பழைய ஆட்கள். இந்தக் காலத்து ஜெர்மன் வீரர் ஸ்வெரெவ் பற்றி ஒருவரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். டோக்கியோ ஒலிம்பிக் தங்கம், ஆண்டிறுதிப் பட்டம் இரண்டு.

சென்டர்கோர்ட்செல்வி:
தம்பி, 2020 யு.எஸ். ஓப்பன் இறுதியில் இரண்டு செட் முன்னால் இருந்துவிட்டு டொமினிக் தீமிடம் கோட்டைவிட்டவர்தானே? ஸ்டிச் இறுதியில் பெக்கருக்கு ஒரு செட்கூடக் கொடுக்கவில்லை.

டிராப்ஷாட்தம்பி:
ஸ்வெரெவ் என்றாலே உங்களுக்கு வெறுப்பு. போன மாதமும் இப்படித்தான் எழுதினீர்கள், மறக்கவில்லை.

புல்தரைமணி:
தம்பி, ஸ்வெரெவுக்குத் தனி இழை இருக்கிறது.

தாசன் சாருக்கு வருகிறேன். 1993ஐ ஒரு காலிறுதியோடு முடித்துவிட்டீர்கள். அந்த வருடம் ஸ்டட்கார்ட்டில் உள்ளரங்கக் கம்பளத் தரை, ஹாம்பர்க்கில் களிமண், லண்டன் குவீன்ஸில் புல், பாசலில் உள்ளரங்கக் கடினத் தரை, எல்லாவற்றிலும் பட்டம். நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் ஆண்டிறுதிப் போட்டியில் சாம்ப்ராஸை நான்கு செட்டில் வென்று உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம். பெக்கர் 49 ஒற்றையர் பட்டம் வென்றவர், நான் மறுக்கவில்லை. அதில் களிமண்ணில் வென்றது எத்தனை? ஒன்றுகூட இல்லை. சாம்ப்ராஸோடு நேருக்கு நேர் ஸ்டிச் 5, சாம்ப்ராஸ் 4. அந்தக் காலத்தில் சாம்ப்ராஸை இப்படிச் சமாளித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்தப் பட்டியலில் பெக்கர் இல்லை.

அப்புறம் நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பை. 1993 இறுதி, டுஸ்ஸல்டார்ஃப். அரையிறுதியில் சண்டிகரில் நம் ஆட்களை வென்ற அதே ஆஸ்திரேலிய அணிதான் எதிரே. பெக்கர் அந்த வருடம் அணியிலேயே இல்லை. ஸ்டிச் முதல் நாள் ஸ்டோல்டன்பெர்கை ஐந்து செட்டில் வென்றார். மறுநாள் கூனெனோடு சேர்ந்து இரட்டையரில் உட்பிரிட்ஜ், உட்ஃபோர்ட் ஜோடியை வென்றார். மூன்றாம் நாள் ஃப்ராம்பெர்கை நேர் செட்டில் முடித்தார். மூன்று நாளும் அவர்தான். ஜெர்மனி 4-1. இதுவும் வான் ஆலன் புண்ணியமா?

பெக்கர்தாசன்:
டேவிஸ் கோப்பையை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. 1995, மாஸ்கோ, ரஷ்யாவோடு அரையிறுதி. செஸ்னோகோவுக்கு எதிராக ஸ்டிச்சுக்கு ஒன்பது மேட்ச் பாயிண்ட், ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை. ஒன்பது! கடைசி செட் 14-12, தோற்றது ஸ்டிச். கை நடுங்காதவராம். ஐந்தாவது செட்டில் டைபிரேக் இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார், பாவம்.

புல்தரைமணி:
மாஸ்கோவில் தரையைத் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி வைத்திருந்தார்கள் என்று அப்போதே புகார் எழுந்தது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? முதல் நாள் 2-0 என்று முன்னால் இருந்த அணி அது. இரட்டையரில் பெக்கரும்தான் ஸ்டிச்சோடு சேர்ந்து தோற்றார். மூன்றாம் நாள் பெக்கர் ஒற்றையருக்கு இறங்கவே இல்லை, கார்பாக்கர்தான் ஆடினார். மொத்தப் பாரமும் ஸ்டிச் தலையில். ஒன்பதை மட்டும் எண்ணத் தெரிகிறது.

பெக்கர்தாசன்:
காயம்பட்டவரைக் குறை சொல்கிறீர்களா? பெக்கர் இல்லாமல் ஜெர்மனியில் டென்னிஸே கிடையாது. 17 வயதில் விம்பிள்டன் வென்றவர். ஸ்டிச் அந்த வயதில் பள்ளிக்கூடத்தில் இருந்தார்.

சென்டர்கோர்ட்செல்வி:
படிப்பை முடித்துவிட்டு ஆட வந்ததும் குற்றமா? பார்சிலோனா ஒலிம்பிக்கில் பெக்கருக்குக் கிடைத்த ஒரே தங்கம் ஸ்டிச்சோடு சேர்ந்து ஆடிய இரட்டையர் தங்கம். நம் ரமேஷ் கிருஷ்ணனும் பயஸும் அதே போட்டியில் காலிறுதி வரை போனார்கள், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. அதற்குச் சில வாரம் முன்பு ஜான் மெக்கன்ரோவோடு சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர், கடைசி செட் 19-17. அந்தக் கடைசி செட்டில் டைபிரேக்கே கிடையாது தாசன் சார்.

பேஸ்லைன்பாண்டி:
நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பெக்கர்தாசன்:
இரட்டையர் வேறு, ஒற்றையர் வேறு அக்கா. 1994 யு.எஸ். ஓப்பன் இறுதியில் அகாசியிடம் நேர் செட். 1996 பாரிஸ் பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் காஃபெல்னிகோவிடம் நேர் செட், அதில் இரண்டு டைபிரேக்கையும் விட்டார். டைபிரேக் மன்னன் அன்று எங்கே போனார்?

புல்தரைமணி:
கணுக்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்த வருடம் அது. பாரிஸில் நடப்பு சாம்பியன் மஸ்டரை நான்காவது சுற்றில் வென்று, களிமண்ணில் ஸ்லாம் இறுதி வரை போனார். பெக்கர் பாரிஸில் ஒரு தடவையாவது இறுதிக்குப் போனாரா? 1997இல் தோள் வலியோடு விம்பிள்டன் அரையிறுதி, பியோலினிடம் ஐந்து செட், அதோடு விடைபெற்றார். 28 வயதுதான். 2018இல் டென்னிஸ் புகழரங்கில் சேர்த்தார்கள். அதிர்ஷ்டசாலிகளையா அங்கே கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள்?

பெக்கர்தாசன்:
பெக்கரை 2003லேயே சேர்த்துவிட்டார்கள். நான் ஆரம்பத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. அன்று எட்பெர்க்கின் சர்வீஸை ஸ்டிச் எத்தனை தடவை உடைத்தார்? எண்ணை மட்டும் எழுதுங்கள்.

புல்தரைமணி:
7-5, 7-5, 7-2. மூன்று எண். கூட்டினால் 21க்கு 12. இன்னொரு தடவை கேட்டாலும் இதைத்தான் எழுதுவேன்.

டிராப்ஷாட்தம்பி:
ஸ்வெரெவ் இழையில் இரண்டு நாளாக ஒருவரும் எழுதவில்லை. செல்வி அக்கா, துணிவிருந்தால் அங்கே வாருங்கள்.