உயரம் 150 செ.மீ.: 27.5 வீலா, 700சி-யா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
ஞாயிறுதோறும் புதுச்சேரி கடற்கரைச் சாலை வரை போய் வர சைக்கிள் வேணும். உயரம் 150 செ.மீ. கடையில் ரெண்டு வண்டி காட்டினாங்க. 700×35 டயரோட (700சி வீல்) 17 இன்ச் ஃபிரேம் ஹைப்ரிட் (ரோட்டு வண்டிக்கும் மலை வண்டிக்கும் நடுவானது), 27.5×2.1 டயரோட 15 இன்ச் ஃபிரேம் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்). ஹைப்ரிட்ல இறங்கி நின்னா பார் (ஃபிரேமோட மேல் குழாய்) இடிக்குது. "சீட்டை இறக்கிக்கலாம்"ங்கறாங்க. 27.5 சின்ன வீல்தானே, அதையே எடுத்துடவா?

பதில் (முத்தியால்பேட்டை):
சீட்டை இறக்கினா சீட்தாங்க இறங்கும், பார் இறங்காது. 17 இன்ச்சை விட்டுடுங்க.

முதல்ல உள்கால் அளவு எடுங்க. செருப்பைக் கழட்டிட்டு சுவத்துல முதுகு ஒட்டி நில்லுங்க. கெட்டி அட்டை நோட்டு ஒண்ணைக் கால் நடுவுல வெச்சு, சீட்ல உக்கார்ற மாதிரி அழுந்தற வரைக்கும் மேல தூக்குங்க. நோட்டு மேல் விளிம்புலேர்ந்து தரை வரை அளந்தா அதுதான் உள்கால். பார் அதைவிட ஹைப்ரிட்ல 2–3 செ.மீ., எம்டிபில 5 செ.மீ. தாழ்வா இருக்கணும்.

27.5-ங்கற பேரை நம்பாதீங்க. ரிம் 584 மி.மீ.; 2.1 இன்ச் டயர் ரெண்டு பக்கமும் சேர்ந்தா விட்டம் சுமார் 690. 700×35-க்கு ரிம் 622 + டயர் ரெண்டு பக்கமும் 70 = 692. தரையில நிறுத்தினா ரெண்டும் ஒரே உயரம்! அதே 27.5-ல 1.5 டயர் போட்டாதான் 660-க்கு இறங்கும்.

கேட்டவர்:
உள்கால் 68 வந்துச்சுங்க. அதே ஹைப்ரிட்ல 15 இன்ச் வரவழைச்சாங்க, பார் இடிக்கல. ஆனா கையை ரொம்ப நீட்ட வேண்டியிருக்கு. யூ டர்ன் அடிச்சா ஷூ நுனி முன் டயர்ல உரசுது. சீட்டை முன்னாடி தள்ளிக்கலாமா?

பதில் (திருப்பாதிரிப்புலியூர்):
தள்ளாதீங்க, முட்டிக்குத்தான் கேடு. சீட்டோட முன்-பின் இடத்தைக் காலை வெச்சு முடிவு பண்ணணும், கையை வெச்சு இல்ல. கை எட்டலைன்னா ஸ்டெம்மை (ஹேண்டிலை வண்டியோட சேர்க்கற துண்டு) மாத்துங்க. 90 மி.மீ. இருந்தா 60 அல்லது 70 போடலாம். ஹேண்டில் பிடிக்கிற இடத்து விட்டம் 25.4-ஆ 31.8-ஆன்னு பார்த்து வாங்குங்க, ஒண்ணுக்கு இன்னொண்ணு சேராது.

சீட் உயரம் 68 × 0.883, அதாவது 60 செ.மீ. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கற கம்பி) சுத்தற அச்சு நடுவுலேர்ந்து சீட் மேல் வரை அளக்கணும். இது ஆரம்ப அளவுதான். பெடல் அடியில இருக்கறப்ப குதிகாலை வெச்சா முட்டி நேரா நிக்கணும், இடுப்பு ஆடக்கூடாது.

ஷூ உரசறதுக்குக் காரணம், குட்டி ஃபிரேம்ல பெரிய வீலுக்கு இடம் பத்தாம முன் சக்கரம் பெடல் கிட்ட வந்துடறதுதான். வேகமா போறப்ப ஹேண்டில் அவ்வளவு திரும்பாது, அதனால தெரியாது. நேரு வீதி நெரிசல்ல ஊர்ந்து திரும்பறப்பதான் கவுக்கும். 170 மி.மீ. கிராங்க்கை 155 ஆக்கினா கால் 15 மி.மீ. பின்னாடி வரும், முட்டியும் கம்மியா மடங்கும். சீட்டை மட்டும் அதே 15 மி.மீ. ஏத்திக்கணும்.

கேட்டவர்:
ஹைப்ரிட்லயே 27.5 வீல் மாட்ட முடியாதா?

பதில் (திருப்பாதிரிப்புலியூர்):
டிஸ்க் பிரேக்னா (சக்கர நடுவுல இருக்கற தட்டைப் பிடிக்கறது) முடியும். வி-பிரேக்னா (ரிம்மையே பிடிக்கறது) ரிம் 19 மி.மீ. தள்ளிப் போயிடும், பிரேக் கட்டை எட்டாது. டிஸ்க்லயும் 1.5 டயரோட மாட்டினா வண்டியே 16 மி.மீ. தாழும், வளைவுல பெடல் மிதிச்சா தரையில இடிக்கும்.

பதில் (முத்தியால்பேட்டை):
இவ்வளவு மாத்தறதுக்கு 14 இன்ச் ஃபிரேம், 26×1.5 டயர் தேடறது மேல். விட்டம் 635 மி.மீ.தான், ஷூ உரசல் பேச்சே வராது. டயர் பக்கவாட்டுல 559-னு (ரிம் அளவு, மி.மீ.) இருக்கணும். பழைய லேடீஸ் சைக்கிளோட 26×1⅜ டயர் 590, இதுல ஏறாது. சீட் கம்பிக்கு கிரீஸ் தடவி இறக்குங்க. உப்புக்காத்துல இறுகிப்போச்சுன்னா அப்புறம் 60 செ.மீ. கணக்கெல்லாம் நோட்டுலதான் இருக்கும்.