டேட்டா வடிகட்டலில் உங்களை ஏமாற்றியது எது? (குடல் பாக்டீரியா, 16எஸ் - எந்த பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் மரபணு)

கொழிஞ்சாம்பாறை:
பாலக்காடு சித்தூர் தாலுகா மலச் சாம்பிள்கள், அந்த மரபணுவின் வி3-வி4 பகுதி, மைசெக் கருவியில் 300×2 (இரு முனையிலிருந்தும் 300 டிஎன்ஏ எழுத்து: ஃபார்வர்ட் ரீட், ரிவர்ஸ் ரீட்). ரிசல்ட் டேபிளில், தானிய உணவில் பெருகும் பிரிவோடெல்லா பூஜ்யம். பாக்டீராய்டீஸும் பூஜ்யம். மூணு வேளையும் சோறு தின்கிற ஊரில்!

ரிவர்ஸ் ரீடின் வால் பக்கம் தரம் 20-க்குக் கீழே இறங்குகிறது என்று டாடா2 மென்பொருளில் ஃபார்வர்டை 250-லும் ரிவர்ஸை 210-லும் வெட்டியிருக்கிறார்கள். கூட்டினால் 460. பிரைமரோடு (துண்டைப் பெருக்க இரு முனையிலும் ஒட்டும் குட்டி டிஎன்ஏ) சேர்த்து கிளாஸ்ட்ரிடியா வகைக்குத் துண்டு நீளம் 440 பக்கம். இரண்டு ரீடும் 20 எழுத்து ஒன்றன்மேல் ஒன்று படிந்து இணைந்துவிடும். பாக்டீராய்டீஸ் கூட்டத்துக்கு (பிரிவோடெல்லாவும் இதில்தான்) 460 பக்கம், ஒரு எழுத்துகூடப் படியாது. குறைந்தது 12 வேண்டும். இணையாத ரீடைத் தூக்கிப் போட்டுவிட்டு மென்பொருள் கமுக்கமாக இருக்கும், எரர் ஒன்றும் வராது. 280, 220 என்று திரும்ப ஓட்டியதும் பிரிவோடெல்லா மேலே வந்து உட்கார்ந்தது.

வேலந்தாவளம்:
பிரிவோடெல்லா இல்லை என்றதும் பதறாதீர்கள். 2019-ல் வந்த போபால்-கேரள ஒப்பீட்டில் பிரிவோடெல்லா போபால் பக்கம்தான். கேரளத்தில் பாக்டீராய்டீஸ், ரூமினோகாக்கஸ், ஃபீக்கலிபாக்டீரியம். சோற்றை மட்டும் பார்த்தால் போதுமா, மீனையும் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
அண்ணே, குறைவு வேறு, பூஜ்யம் வேறு. நீங்கள் சொல்கிற அந்த பாக்டீராய்டீஸும்தானே காணோம்?

செங்கோட்டை:
புனலூர் பக்கம் எடுத்த சாம்பிள். ஐஸ் இல்லாத டப்பாவில் ஆரியங்காவு வழியாக பஸ்ஸில் வந்து, ராத்திரி முழுக்க மேஜை மேலே கிடந்தது. திறந்து பார்த்தால் எஷ்ஷெரிக்கியா (ஈ. கோலையின் பேரினம்) பாதிக்கு மேல். வெளியே கிடந்தால் அது பெருகத்தான் செய்யும். அமெரிக்கன் கட் என்ற குடல் பாக்டீரியா ஆய்வுத் திட்டத்தில் தபாலில் வந்த சாம்பிள்களுக்காக, இப்படிப் பெருகும் பாக்டீரியாவின் டிஎன்ஏ வரிசைகளைப் பட்டியல் போட்டு நீக்கினார்கள் (2017). அதே பட்டியலை இங்கேயும் ஓட்டிவிட்டார்கள். வயிற்றுப்போக்குக் குழந்தைகளின் சாம்பிளும் அதற்குள் இருந்தது! நிஜமான ஈ. கோலையும் சேர்ந்து போச்சு. எடுத்த இடத்திலேயே 95% எத்தனாலில் போட்டிருந்தால் இந்தப் பட்டியலே வேண்டாம். 70% பத்தாது.

நகரி:
எல்லோரும் கடைசி டேபிளைப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள். உள்ளே வந்தது, தரம் பார்த்தபின், இணைந்தபின், கைமீரா (இரண்டு வரிசை ஒட்டிப்போன போலி) நீக்கியபின் என்று ஒவ்வொரு சாம்பிளுக்கும் ரீட் எண்ணிக்கையை வரிசையாக எழுதுங்கள். இணைக்கும் இடத்தில் சரிந்தால் வெட்டு நீளத்தில் கோளாறு. கைமீராவில் பாதிக்கு மேல் போனால் பிரைமரை எடுக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். 341எஃப் பிரைமர் 17 எழுத்து, 805ஆர் பிரைமர் 21 எழுத்து. அவற்றிலுள்ள என், டபிள்யூ, ஹெச், வி இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து வரலாம் என்பதால் நல்ல ரீடே கைமீரா மாதிரித் தெரியும்.

"பாக்டீரியா மட்டும்" என்று வடிகட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வரிசைக்குப் பெயர் சொல்லும் சில்வா தரவுத்தளத்தில் செடியின் குளோரோபிளாஸ்ட் சயனோபாக்டீரியாவுக்கு அடியில் ஒளிந்திருக்கும், மைட்டோகாண்ட்ரியா ரிக்கெட்சியேல்ஸ் பாக்டீரியாவுக்கு அடியில். கீரை தின்றவர் சாம்பிளில் குளோரோபிளாஸ்ட் எட்டிப் பார்க்கும். பெயர் சொல்லி நீக்க வேண்டும்.

மலமே போடாத பிளாங்க் டியூப் டிஎன்ஏ பிரிக்கும் ஒவ்வொரு கிட் பேட்சுக்கும் ஒன்று. ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் வந்தால் அது கிட்டிலிருந்து வந்தது. மலத்தில் டிஎன்ஏ நிறைய இருப்பதால் பெரிதாகக் கெடாது, பாக்டீரியா டிஎன்ஏ குறைந்த குடல் பயாப்சியில் கதையே மாறிவிடும். கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் டீகன்டாம் மென்பொருளுக்கு பிளாங்க் இல்லாவிட்டால், ஒவ்வொரு சாம்பிளின் டிஎன்ஏ அளவையாவது குறித்துக் கொடுங்கள்.

ஸைமோ மாக் (தெரிந்த பாக்டீரியாக்களைக் கலந்து விற்கும் சோதனைக் கலவை) ஒரு டியூப் வைத்திருந்தால் கொழிஞ்சாம்பாறை கேஸ் முதல் ரன்னிலேயே வெளியே வந்திருக்கும். அதன் 8 பாக்டீரியாவுக்கும் துண்டு 465 பக்கம், அந்த வெட்டில் எதுவுமே இணையாது.

கடைசியாக ஒன்று, டாடா2 டேபிளில் சாவோ1 (கண்ணில் படாத இனங்களையும் சேர்த்து மதிப்பிடும் எண்) போடாதீர்கள். ஒற்றை ரீட் வரிசைகளை டாடா2 முன்னமே விட்டுவிடும், சாவோ1-க்கோ அதுதான் அடிப்படை.

வேலந்தாவளம்:
அந்த மாக்கில் பிரிவோடெல்லா, பாக்டீராய்டீஸ் இரண்டுமே கிடையாது. குடல் வேலைக்கென்று தனி மாக் விற்கிறார்கள், அதை வாங்கச் சொல்லுங்கள்.